டியூன்: படித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் தீராத சண்டை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலைக் கரைத்துக் குடித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் படத்தைப் பார்ப்பது போன ஜென்மத்துப் பாவத்துக்குக் கிடைக்கும் தண்டனை. இடைவேளைக்குள் பத்து முறையாவது ‘புத்தகத்துல இப்படி இல்லையே’ என்பார். எங்கள் வட்டத்தில் அந்த ஆள் நான்தான். டியூன் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சந்தேகம் கேட்க என்னைத்தான் பிடிக்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதையின் முடிவு உட்பட எதையும் ஒளிக்கவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

டியூன் என்றால் பாட்டுக்குப் போடும் டியூனா?

என் சித்தி இப்படித்தான் கேட்டார். இல்லை, மணல்மேடு. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட அறிவியல் புனைகதை நாவல். ஓரிகன் மாநிலக் கடற்கரையில் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல்மேடுகளைப் புல் நட்டுக் கட்டுப்படுத்தும் வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர் அவர். கட்டுரை வரவே இல்லை, நாவல் வந்தது. முதலில் 1963 டிசம்பரிலிருந்து ‘அனலாக்’ பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. புத்தகமாகப் போட 20க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் போட்டது சில்டன் என்ற நிறுவனம். கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போனது!

திரையில் இதுவரை மூன்று பேர் தொட்டிருக்கிறார்கள். 1984இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படம், 2000இல் வந்த தொலைக்காட்சித் தொடர், பிறகு டெனி வில்நெவ் 2021இலும் 2024இலும் இரண்டு பாகமாக எடுத்தவை. சண்டை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியும் கடைசியைப் பற்றியும்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். பல்லாயிரம் வருடங்களுக்குப் பிறகான காலம். அராக்கிஸ் என்று ஒரு பாலைவனக் கிரகம். ஸ்பைஸ் என்ற பொருள் அங்கே மட்டும்தான் கிடைக்கும். லவங்கப்பட்டை மணம் வீசும் அது இல்லாமல் நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல் ஓட்ட முடியாது. அதனால் அந்தக் கிரகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் எல்லாம். பேரரசர் அதை ஹார்கோனென் வம்சத்திடமிருந்து பிடுங்கி அட்ரெய்டிஸ் வம்சத்திடம் கொடுக்கிறார். கொடுப்பதே ஒரு பொறி. அட்ரெய்டிஸ் கோமகன் லேட்டோ கொல்லப்படுகிறார். மகன் பாலும் தாய் ஜெசிகாவும் பாலைவனத்துக்குள் தப்பி ஓடி ஃப்ரெமென் என்ற பாலைவன மக்களிடம் சேர்கிறார்கள். ‘வெளியிலிருந்து ஒரு மீட்பர் வருவார்’ என்று அந்த மக்கள் காத்திருக்கிறார்கள். பால் அந்த மீட்பராகிறான், பேரரசரை வீழ்த்துகிறான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: அந்த ஐதீகம் தானாக வந்ததல்ல. ஜெசிகா சேர்ந்த பெண்கள் அமைப்பு, பின்னால் தங்களுக்கு உதவட்டும் என்று பல தலைமுறைக்கு முன்பே விதைத்து வைத்தது. கீழே வரும் சண்டைகளில் பாதிக்கு வேர் இதுதான்.

தமிழில் பேசும்போது பெயர்கள் கொஞ்சம் படுத்தும். நாயகன் பெயர் பால். வில்லனான ஹார்கோனென் தலைவரின் பட்டம் பேரன் (Baron), ஆனால் கதைப்படி அவர் நாயகனுக்குத் தாத்தா. ஃப்ரெமென் பெண்ணான நாயகியின் பெயர் சானி, எழுதும்போது றன்னகரத்தில் மிகுந்த கவனம் தேவை.

1984 படத்தை ஏன் அந்தத் திட்டுத் திட்டினார்கள்?

137 நிமிடத்தில் அத்தனையையும் அடைத்ததால். புத்தகம் படிக்காதவர்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அமெரிக்காவில் சில திரையரங்குகளில் கதையில் வரும் சொற்களுக்கு அர்த்தம் அச்சிட்ட தாளை வாசலிலேயே கொடுத்தார்கள். இருட்டில் உட்கார்ந்து அதை எப்படிப் படிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. விமர்சகர்கள் கிழித்தார்கள். சுமார் 4 கோடி டாலர் செலவழித்த படம் அமெரிக்காவில் வசூலித்தது சுமார் 3 கோடி.

படித்தவர்களின் கோபம் வேறு வகை. ஒவ்வொரு கதாபாத்திரமும் மனசுக்குள் நினைப்பதையெல்லாம் கிசுகிசுக் குரலில் ஒலிக்கவிட்டிருந்தார் லிஞ்ச். நாவலில் சாய்வெழுத்தில் வரும் எண்ணங்கள் அவை. தாளில் சரியாக இருந்தது திரையில் சிரிப்பை வரவழைத்தது. அடுத்தது ஆயுதம். நாவலில் ஜெசிகாவும் பாலும் ஃப்ரெமென்களுக்குக் கற்றுத்தருவது உடலையும் நரம்பையும் கட்டுப்படுத்தும் ஒரு சண்டைக் கலை. படத்தில் அது தொண்டையில் மாட்டிக்கொண்டு கத்தினால் சுவரைப் பிளக்கும் ஒலித் துப்பாக்கியாக மாறிவிட்டது.

ஆனால் இவற்றையெல்லாம் மன்னித்தவர்கள்கூட மன்னிக்காத ஒன்று உண்டு. மழை.

மழையா? பாலைவனத்தில் மழை பெய்தால் நல்லதுதானே?

அதுதான் இல்லை. 1984 படத்தின் கடைசிக் காட்சியில் பால் வெற்றி பெற்றதும் வானம் இருண்டு மழை கொட்டுகிறது. ஃப்ரெமென்கள் மெய்சிலிர்த்து நிற்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நாவலில் நடப்பதை வைத்துப் பாருங்கள். ஸ்பைஸ் உருவாவது மணல்புழுக்களின் வாழ்க்கைச் சுழற்சியில். அந்தப் புழுக்களுக்குத் தண்ணீர் விஷம். ஃப்ரெமென்கள் ஒரு குட்டிப் புழுவைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்று, அது கக்கும் திரவத்தைத்தான் சடங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். அப்படியிருக்க, கிரகம் முழுக்க மழை பெய்தால் புழு சாகும், ஸ்பைஸ் போகும், கப்பல்கள் நிற்கும். சுற்றுச்சூழல் நாவல் என்று பெயரெடுத்த ஒன்றின் கடைசி நிமிடத்தில் அந்தச் சுற்றுச்சூழலையே கழுவித் துடைத்துவிட்டார்கள்.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. மழையை வரவழைக்கிறான் என்றால் அவன் நிஜமாகவே கடவுள். நாவல் சொல்வது நேரெதிர்: அவன் கடவுள் வேஷம் போட்ட மனிதன்.

ஆனால் ஹெர்பர்ட்டுக்கு அந்தப் படம் பிடித்திருந்ததாமே?

ஆமாம், பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். படம் முழுக்கத் தான் எழுதிய வசனங்கள் கேட்கின்றன என்று அவர் சந்தோஷப்பட்டார், வெளியே படத்துக்கு ஆதரவாகவே பேசினார். குறைகளும் சொன்னார். அதில் முக்கியமானது மேலே சொன்ன அதே மழைதான். பால் கடவுளாக நடிக்கும் மனிதன், மழை பெய்ய வைக்கும் கடவுள் அல்ல என்று எழுதினார். 1986 பிப்ரவரியில் அவர் காலமானார். வில்நெவ் படங்களை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ரசிகர்கள் ஆளாளுக்கு அவர் சார்பாகத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

லிஞ்ச் என்ன நினைத்தார்?

படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை அவர் கையில் இல்லை. அந்த வருத்தம் கடைசிவரை போகவில்லை, இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே விரும்பமாட்டார். 1988இல் தொலைக்காட்சிக்காக வேறு யாரோ நீட்டித்து ஒட்டிய பதிப்பு ஒன்று வந்தது. அதில் இயக்குநராகத் தன் பெயரைப் போடக் கூடாது என்றார். ‘ஆலன் ஸ்மித்தி’ என்று போட்டார்கள். ஹாலிவுட்டில் படத்தைக் கைகழுவும் இயக்குநர்களுக்கான புனைபெயர் அது. திரைக்கதை என்ற இடத்தில் ‘ஜூடாஸ் பூத்’ என்று வந்தது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் ஒருவன், லிங்கனைச் சுட்ட பூத் இன்னொருவன். கோபத்தை இதைவிட அழகாகக் கையெழுத்துப் போட்டுக் காட்ட முடியாது.

அப்படிப்பட்ட படத்தை இப்போது ஏன் சிலர் கொண்டாடுகிறார்கள்?

ஏனென்றால் அதில் ஒரு பைத்தியக்காரத்தனம் இருக்கிறது, புதுப் படங்களில் அது குறைவு. கண்ணாடித் தொட்டிக்குள் ஆரஞ்சுப் புகையில் மிதக்கும் உருக்குலைந்த கப்பலோட்டி பேரரசரையே மிரட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைஸுக்கு அடிமையாகி மனித உருவத்தையே இழந்தவன் அவன். வில்நெவ் படங்களில் அவனைக் காட்டவே இல்லை. பாட்ரிக் ஸ்டூவர்ட் ஒரு கையில் குட்டி நாயை இடுக்கிக்கொண்டு போருக்கு ஓடுவார். ஏன் என்று கேட்கக் கூடாது. இசை டோட்டோ குழு. பாடகர் ஸ்டிங் வில்லனின் தம்பி மகனாக வருவார்.

சின்ன வயதில் தொலைக்காட்சியில் இதை முதலில் பார்த்த தலைமுறை இருக்கிறது. அவர்களுக்கு டியூன் என்றால் இதுதான். ரசிகர்களே வெட்டி ஒட்டிச் சீர்செய்த பதிப்புகளும் உலவுகின்றன. நானும் வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன், யாரிடமும் சொல்வதில்லை.

யாரோ ஒருவர் எடுக்காமலே விட்ட டியூன்தான் சிறந்தது என்கிறார்களே?

சிலி நாட்டில் பிறந்த இயக்குநர் அலெஹாந்த்ரோ ஹோடரோவ்ஸ்கியைச் சொல்கிறார்கள். 1970களின் நடுவில் அவர் போட்ட திட்டத்தில் பேரரசராக ஓவியர் சால்வடோர் டாலி, பேரனாக ஆர்சன் வெல்ஸ், இசைக்கு பிங்க் ஃபிளாய்ட். பணம் கிடைக்காமல் நின்றுபோனது. அவர் கூட்டிய கலைஞர்களில் சிலர் பிறகு ‘ஏலியன்’ படத்துக்குப் போனார்கள். 2013இல் இந்தக் கதையை வைத்தே ஓர் ஆவணப்படம் வந்தது. லிஞ்ச் படத்தைப் பார்க்க அழுதுகொண்டே போனதாகவும், படம் மோசம் என்று தெரியத் தெரிய உற்சாகமானதாகவும் கிழவர் அதில் கண்கள் மின்னச் சொல்வார். எடுக்காத படத்தில் குறை கண்டுபிடிக்க முடியாது என்பது அதற்கு இருக்கும் பெரிய வசதி. நாவலின் முடிவையும் அவர் மாற்றியிருந்தார். எடுத்திருந்தால் படித்தவர்கள் வீதிக்கே வந்திருப்பார்கள்.

2000 தொடர்?

நாவலுக்கு மிக நெருக்கமானது. காட்சிகள் மேடை நாடகம் மாதிரி இருக்கும், பின்னணியில் பாலைவனம் வரைந்த திரை அப்பட்டமாகத் தெரியும். விசுவாசம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். இரண்டாம் நாள் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

2021 படத்தில் படித்தவர்கள் எதற்குக் கைதட்டினார்கள்?

பிரம்மாண்டத்துக்கு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஜோர்டானின் வாடி ரம், அபுதாபி பாலைவனம் என்று நிஜ மணலில் எடுத்தார்கள். ஆர்னிதாப்டர் விமானம் தட்டான்பூச்சி மாதிரி இறக்கை அடித்தது. படித்த எல்லோரும் மனசுக்குள் அதை எப்படியோ கற்பனை செய்து வைத்திருந்தோம், இதைப் பார்த்ததும் ‘ஆமாம், இதுதான்’ என்று தோன்றிவிட்டது. ஆஸ்கரில் 10 பரிந்துரை, 6 விருது. இயக்குநருக்கு மட்டும் பரிந்துரை இல்லை. அந்த ஆத்திரம் ரசிகர்களுக்கு இன்னும் தணியவில்லை.

எனக்குப் பிடித்தவை சின்ன விஷயங்கள். அரண்மனை வாசலில் 20 பேரீச்ச மரங்கள். ஒரு மரம் குடிக்கும் தண்ணீர் ஐந்து பேருக்கான தண்ணீர், ஆக மொத்தம் நூறு உயிர். நாவலில் இந்தக் கணக்கைச் சொல்பவர் வைத்தியர். படத்தில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரே சொல்கிறார். எனக்குப் படம்தான் மேல்.

அப்புறம் எச்சில். ஃப்ரெமென் தலைவன் ஸ்டில்கர் கோமகனைச் சந்திக்க வந்து மேசையில் துப்புவான். காவலர்கள் கத்தியில் கை வைப்பார்கள். அட்ரெய்டிஸ் வீரன் டங்கன் மட்டும் ‘உங்கள் உடலின் ஈரத்தைக் கொடுத்ததற்கு நன்றி’ என்று சொல்லித் தானும் துப்புவான். தண்ணீரே செல்வமான ஊரில் அது மரியாதை. நான் பார்த்த காட்சியில், பின்னால் இருந்தவர் முதலில் ‘சீ’ என்றார், பத்து வினாடி கழித்து ‘ஓ’ என்றார். அந்த ‘சீ’க்கும் ‘ஓ’வுக்கும் நடுவில்தான் ஹெர்பர்ட்டின் எழுத்து இருக்கிறது.

அப்புறம் எதற்குக் குறைபட்டார்கள்?

விருந்து. நாவலைப் படித்த எவரிடம் கேட்டாலும் ‘அந்த விருந்துக் காட்சி எங்கே?’ என்பார்கள்.

அராக்கிஸில் ஒரு பழைய வழக்கம். விருந்தாளிகள் உணவறை வாசலில் உள்ள தொட்டியில் கை நனைத்து, வேண்டுமென்றே தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்து, துண்டை அந்தத் தேங்கலிலேயே எறிய வேண்டும். விருந்து முடிந்ததும் வெளியே பிச்சைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், பிழிந்த துண்டுத் தண்ணீருக்காக. லேட்டோ இதைப் பார்த்து அருவருத்து நிறுத்துகிறார். இனி வாசலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை தண்ணீர் என்று உத்தரவு போடுகிறார். ஒரு கை துடைக்கும் துண்டை வைத்தே அந்த ஊரின் வர்க்கம், திமிர், தாகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் எழுத்தாளர். அதன் பிறகு மேசையில் கடத்தல்காரர், வங்கிக்காரர், கிரகவியலாளர் என்று ஆளுக்கு ஓர் ஊசி குத்திக்கொள்ளும் பேச்சு.

ஏன் விட்டார்கள் என்பதும் புரிகிறது. இருபது பேர் உட்கார்ந்து மனசுக்குள் ஒருவரையொருவர் எடைபோடும் காட்சி அது. எண்ணங்களைக் கேட்கவிட்டால் என்ன ஆகும் என்று 1984இலேயே பார்த்துவிட்டோம். வில்நெவ் எண்ணக் குரலை அடியோடு விட்டுவிட்டார். ‘அச்சம் மனத்தைக் கொல்லும்’ என்று வரும் அந்தப் பிரபலமான மந்திரத்தைக்கூட, உள்ளே சோதனையில் கை எரியத் துடிக்கும் மகன் நினைக்கவில்லை. கதவுக்கு வெளியே நடுங்கி நிற்கும் தாய்தான் முணுமுணுக்கிறாள்.

இன்னொரு சில்லறைப் புகார்: பாலைவனத்தில் எல்லோரும் முகத்தைத் திறந்துபோட்டுத் திரிகிறார்கள். வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் சேமிக்கும் உடை போட்டுக்கொண்டு மூக்குக்குழாயைக் கழற்றிவிட்டால் ஃப்ரெமென் குழந்தைகூடச் சிரிக்கும். நட்சத்திர நடிகருக்குக் கோடிக்கணக்கில் கொடுத்துவிட்டு முகத்தை மூட எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார், விடுங்கள்.

படம் பாதியில் முடிந்தது ஏமாற்று வேலை இல்லையா?

போஸ்டரில் வெறும் ‘டியூன்’. திரை இருண்டு பெயர் வரும்போதுதான் ‘முதல் பாகம்’ என்று தெரிந்தது. 2021 அக்டோபரில் இங்கே திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு ஓடிக்கொண்டிருந்த நேரம். சானி திரும்பிப் பார்த்து ‘இது ஆரம்பம்தான்’ என்று சொல்ல, விளக்கு எரிந்தது. ‘என்ன, இன்டர்வெல்லா?’ என்றார் பக்கத்து வரிசைக்காரர்.

படித்தவர்களின் பயம் வேறு. இரண்டாம் பாகம் அப்போது உறுதியாகவில்லை. அமெரிக்காவில் அதே நாளில் வீட்டிலேயே பார்க்கும்படி எச்பிஓ மேக்ஸிலும் விட்டார்கள். வில்நெவ் முந்தைய வருடமே இதை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியிருந்தார். வசூல் குறைந்தால் கதை அந்தரத்தில் நிற்கும் என்ற கவலையில் பலர் இரண்டு மூன்று முறை டிக்கெட் எடுத்தார்கள். அமெரிக்காவில் வெளியாகி நான்கு நாள் கழித்து இரண்டாம் பாகத்துக்கான அறிவிப்பு வந்தது.

கைன்ஸ் ஏன் பெண்ணாக மாறினார்?

மாறினால் என்ன என்பது என் பதில். கிரகவியலாளர் கைன்ஸ் நாவலில் ஆண், சானியின் அப்பா. அந்த உறவைப் படம் சொல்லவே இல்லை, நியாயமான குறை அது ஒன்றுதான். நாவலில் கைன்ஸ் பாலைவனத்தில் தனியாகக் கிடந்து, செத்த அப்பாவின் குரலில் சுற்றுச்சூழல் பாடம் கேட்டபடியே சாவார். படத்தில் குத்துப்பட்டு விழுந்து, மணலைத் தட்டிப் புழுவை வரவழைத்து, கொல்ல வந்தவர்களோடு சேர்ந்து விழுங்கப்படுகிறார். இரண்டுமே நல்ல சாவு.

‘ஜிகாத்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்களாமே?

ஆமாம். நாவலில் பால் கண்டு நடுங்கும் எதிர்காலத்துக்குப் பெயரே அதுதான். படத்தில் ‘புனிதப் போர்’. 2020இல் வந்த முதல் டிரைலரில் இன்னும் தமாஷ், ‘சிலுவைப் போர்’ என்று அர்த்தம் தரும் சொல். ஃப்ரெமென்களின் மொழியும் நம்பிக்கையும் அரபு, இஸ்லாமிய மரபிலிருந்து வந்தவை. அந்த மீட்பருக்கு அவர்கள் சொல்லும் மஹ்தி, லிசான் அல்-கயிப் என்ற பெயர்கள் எல்லாம் அப்படித்தான். பின்னணியை எடுத்துக்கொண்டு பெயரை மறைத்துவிட்டார்கள், முக்கிய வேடங்களில் அந்தப் பகுதி நடிகர்களும் இல்லை என்று அரபு, முஸ்லிம் ரசிகர்கள் பலர் எழுதினார்கள். 1965இல் ஓர் அமெரிக்கர் துணிந்து பயன்படுத்திய சொல்லை 2021இல் தொடப் பயந்தது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தச் சொல்லைப் படத்தில் கேட்டதும் செய்தித் தலைப்புகளையே நினைக்கும் பார்வையாளர்களும் இருக்கிறார்கள். சுலபமான விடை இல்லாத இடம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சானியை ஏன் அப்படி மாற்றினார்கள்?

2024 படத்தின் பெரிய சண்டை இது.

நாவலின் சானி பாலை நம்புகிறவள், சடங்கு நடத்தும் பூசாரி. இருவருக்கும் ஒரு மகன் பிறந்து எதிரிகளின் தாக்குதலில் சாகிறான். முடிவில் அரசியல் காரணத்துக்காகப் பால் பேரரசரின் மகளைக் கல்யாணம் செய்கிறான். சானி காதலியாகவே இருக்க வேண்டும். ஜெசிகா அவளைத் தேற்றுகிறாள்: நம்மை ஆசைநாயகி என்பார்கள், வரலாறு மனைவி என்று சொல்லும். நாவலின் கடைசி வரி அது.

படத்தின் சானிக்கு ஐதீகத்தில் நம்பிக்கையே கிடையாது. எங்களை அடிமைப்படுத்தத்தான் இந்தக் கதை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். பால் இளவரசியைக் கேட்டதும் எல்லோரும் மண்டியிட, இவள் மட்டும் எழுந்து வெளியே போகிறாள். கடைசிக் காட்சி பாலைவனத்தில் தனியாகப் புழுவுக்குக் காத்து நிற்கும் அவள் முகம்.

எதிர்த்தவர்கள் சொன்னது: இருபதாம் நூற்றாண்டுக் காதலியை இருபத்தோராம் நூற்றாண்டுப் போராளியாக்கிவிட்டார்கள், நாவலின் அன்பு காணாமல் போனது. ஆதரித்தவர்கள் சொன்னது: வரலாறு மனைவி என்று சொல்லும் என்பதெல்லாம் ஓர் ஆறுதலா?

இரண்டு தரப்புமே முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறது என்பது என் கட்சி. இந்தச் சண்டையை முதலில் போட்டவர் ஹெர்பர்ட். ஆள்பவர் மீது மக்கள் வைக்கும் மோகத்துக்கு எச்சரிக்கையாகத்தான் அவர் நாவலை எழுதினார். வாசகர்களில் பெரும்பாலோர் பாலை நாயகனாகவே தோளில் தூக்கிவிட்டார்கள். அதனால் 1969இல் வந்த இரண்டாம் நாவலில், பால் பெயரால் நடந்த போரில் கோடிக்கணக்கானவர் செத்ததை வெளிப்படையாகவே போட்டு உடைத்தார். முதல் நாவலைத் தொடராக வெளியிட்ட ‘அனலாக்’ ஆசிரியர் கேம்பெல் அதை வாங்க மறுத்தார். நாயகன் விழுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

வில்நெவ் பேட்டிகளில் இதைத்தான் காரணமாகச் சொன்னார். இரண்டாம் நாவல்வரை காத்திருக்காமல் எச்சரிக்கையை முதல் கதைக்குள்ளேயே கொண்டுவர அவருக்கு ஒரு கண் தேவைப்பட்டது, அது சானியின் கண். எழுத்துக்குத் துரோகம், எழுத்தாளருக்கு விசுவாசம். மழை பெய்வித்த 1984 படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படம் அவனைக் கடவுளாக்கி முடித்தது, இன்னொன்று அவனைக் கடவுள் என்று நம்பாத ஒருத்தியின் முகத்தில் முடிந்தது.

ஸ்டில்கரைக் காமெடியனாக்கியது?

ஹேவியர் பார்டெம் வாயைத் திறந்தாலே அரங்கில் சிரிப்பு. பால் என்ன செய்தாலும் ‘எழுதியபடியே நடக்கிறது’ என்பார். இணையத்தில் அந்த முகம் மீமாகிப் பரவியது. படித்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், கம்பீரமான தலைவனை இப்படியா என்று.

நாவலின் பின்பகுதியில் ஓர் இடம் உண்டு. பால் ஸ்டில்கரைப் பார்க்கிறான். நண்பன் போய் பக்தன் நிற்கிறான், அந்த மனிதன் சிறுத்துவிட்டான் என்று உணர்கிறான். எனக்கு நாவலிலேயே சோகமான வரிகள் அவைதான். படம் அந்தச் சிறுத்தலை முதலில் சிரிப்பாகக் காட்டி, கடைசியில் அதே ஆள் வெறியோடு கூட்டத்தைக் கப்பலேற்றும்போது சிரித்த வாயை மூடவைக்கிறது.

அலியா எங்கே?

நாவலில் பாலின் தங்கை, கருவிலேயே முழு அறிவு பெற்ற குழந்தை. தாத்தாவை விஷ ஊசியால் கொல்வது அவள்தான். படம் சில வருடக் கதையைச் சில மாதமாகச் சுருக்கியதால் பிறக்கவே இல்லை, வயிற்றுக்குள்ளிருந்தே பேசுகிறாள். கொலையைப் பால் செய்கிறான். 1984 படத்தின் சிறுமி அலியாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரியவர் மாதிரிப் பேசும் நான்கு வயதுக் குழந்தையைத் திரையில் நம்பவைப்பது எவ்வளவு சிரமம் என்று. இந்த மாற்றத்தில் நான் படத்தின் பக்கம். மனிதக் கணினியான ஹவாத்தை இரண்டாம் பாகத்தில் மொத்தமாக வெட்டியதில் இல்லை. நடித்து முடித்த காட்சிகளை வெட்டினார்களாம், வில்நெவுக்கே அது வலித்திருக்கிறது.

புழுவின் வாய் எப்படி இருக்க வேண்டும்?

1984இல் மூன்று இதழாகப் பூ மாதிரி விரிந்தது. 2021இல் வட்ட வாய், திமிங்கிலத்தின் வடிகட்டி மாதிரி உள்ளே ஊசி ஊசியாகப் பற்கள். மூன்று இதழ்தான் அசல் என்று சண்டை போடுகிறவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். சுமார் 80 மீட்டர் விட்டம், விளிம்பைச் சுற்றிப் பளிங்குப் பற்கள் என்றுதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2024 படத்துக்கு அந்த வாயையே மூடியாக வைத்துப் பாப்கார்ன் டப்பா விற்றார்கள். அதற்குள் கைவிடும் படங்களைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

படத்துக்கு முன் புத்தகம் படிக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பாகமும் சேர்ந்து 321 நிமிடம், முதலில் அதைப் பாருங்கள். பிறகு புத்தகத்தை எடுத்தால் பின்னால் சொல்லகராதி இருக்கிறது, ஒரு விரலை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூறு பக்கம் கஷ்டம். நான் கடன் கொடுத்த பிரதி இதுவரை மூன்று பேரிடமிருந்து 60ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியபடி திரும்பி வந்திருக்கிறது.

மூன்றாம் படம்?

இரண்டாம் நாவலை வைத்து எடுக்கிறார்கள், 2026 டிசம்பர் என்று அறிவிப்பு. படித்தவர்களின் கவலை ஒன்றுதான். அந்த நாவலில் சானி பாலோடுதான் இருக்கிறாள், அவனுக்கு வாரிசு பெற்றுத்தர ஏங்குகிறாள், இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுச் சாகிறாள். அதன் துக்கம் முழுக்க அந்தக் காதலில் நிற்கிறது. புழு ஏறிப் போனவளை எப்படித் திரும்பக் கூட்டி வருவார்கள்? நண்பர் ஒருவர் முதல் அரைமணி நேரம் சமாதானப் படலம்தான் என்கிறார். ஒன்றுமே சொல்லாமல் பல வருடம் தாண்டி இருவரையும் ஒரே அறையில் காட்டுவார்கள் என்கிறேன் நான். தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும்.